பன்னிரண்டு வோல்ட் வெளிச்சம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் திரும்பும் வழியில், ஒரு சனிக்கிழமை பொழுது சாய்ந்த நேரத்தில், என் கணவர் ஒரு பால்காரரை இடிக்கப் பார்த்தார். ஒரு சாண் இடைவெளியில் தப்பியது. பால்காரர் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, இடது பக்கத் தென்னந்தோப்பிலிருந்து மண்பாதை வழியாக ஏறி, ரோட்டோரமாக எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இவரும் பார்த்திருப்பார், விலகிப் போவார் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். கார் விலகவில்லை. கடைசி நேரத்தில் நான் கத்திய கத்தலில் இவர் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார். கேன் ஒன்று மட்கார்டில் உரசிய சத்தம் மட்டும் கேட்டது.

பால்காரர் இறங்கி வந்து, "அம்புட்டுப் பெரிய ரோடு கெடக்கு, என் மேலதான் ஏத்தணுமா?" என்று கேட்டார். இவருடைய வயதைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். கேனைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தியா டீச்சர், ஆறு வோல்ட்டு லைட்டு" என்றார் இவர். "பக்கத்துல வார வரைக்கும் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

நான் உடனே நம்பினேன். இவர் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது கேலிக்குத்தான் என்றாலும், நான் முப்பது வருடமாக இயற்பியல் நடத்துகிறவள். வோல்ட் என்ற வார்த்தை காதில் விழுந்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் தோன்றாது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு நிறத்தில், உருண்டை முன்விளக்குகளோடு இருக்கும் சின்ன இங்கிலீஷ் கார். நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்னால் செய்தது. இவர் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது, மில்காரர் வீட்டு ஷெட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டியைக் கேட்டு வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் எனக்கு ஒரு சக்களத்தி உண்டென்றால் அது இதுதான். நான் காய்ச்சலில் படுத்தால் மாத்திரை வாங்கித் தருவார், அது இருமினால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இவர் ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைதோறும் அதில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வருவோம். இருப்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ரோட்டில் கேரளாவுக்குப் போகும் லாரிகள் எல்லாம் நம்மைப் பார்த்தே ஹார்ன் அடிப்பது போல இருக்கும்.

பால்காரர் விஷயத்தை மகளிடம் நாங்கள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் என்னை உறுத்தியது. ஏனென்றால், அடுத்த மாதத்திலிருந்து பேத்தியை இந்தக் காரில் கூட்டி வருவதாக இவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மகள் நர்ஸ். அவளுக்கு டியூட்டியை சனி, ஞாயிறுக்கு மாற்றிப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை. மூன்றரை வயதுப் பிள்ளையை இரண்டு நாள் யாரிடம் விடுவது? வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வர மாலை ஆறரை ஆகும். அந்த நேரத்துக்குப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதாவது இருட்டும் நேரத்தில், வாராவாரம், அந்த ரோட்டில், பின் சீட்டில் அந்தப் பிள்ளையோடு. "பஸ்ல போயிட்டு வரலாம்" என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "வீட்டுல கார் நிக்கையில என் பேத்தி பஸ்ல நசுங்கணுமா?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

அன்று முதல் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் கேன் உரசும் சத்தம் கேட்கும். மாதம் பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் லைட்டைச் சரிசெய்துவிட வேண்டும் என்பது ஒன்றே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போவதற்குள், பழைய ஒயரிலும் துருப்பிடித்த முனைகளிலும் ஒரு வோல்ட் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறில் ஒன்று போனால் பெரிய நஷ்டம். பன்னிரண்டில் ஒன்று போனால் அவ்வளவாகத் தெரியாது. அதோடு, அதே அளவு வெளிச்சத்துக்குப் பன்னிரண்டு வோல்ட்டில் பாதி கரண்ட் போதும். பாதி கரண்ட் போனால் வழியில் வீணாகிற வோல்ட்டும் பாதியாகிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். கணக்குக் கச்சிதமாக வந்தது. அதே மங்கல் லைட்டில், அதே கண்ணாடி வழியாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பால்காரர் எப்படித் தூரத்திலேயே தெரிந்தார் என்று நான் ஒரு தடவைகூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு பிள்ளை இப்படி ஒன்றை விட்டிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். என்னிடம் படித்தவர் இல்லை, அதுவரைக்கும் நிம்மதி. காரைச் சுற்றிச் சுற்றி வந்து, பானட்டைத் திறந்து, உள்ளே குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல பாசிட்டிவ்வ பாடியில குடுத்திருக்கானுவ" என்றார். "எல்லாத்தையும் தலைகீழா மாத்தணும். டைனமோவக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போடணும். காயில், ஹார்ன், பல்பு பூராவும் புதுசு. பெட்ரோல் முள்ளுக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ் போட்டுக் குடுக்கணும், இல்லன்னா பொகஞ்சிரும்."

"ஸ்டார்ட்டர் மோட்டார்?" என்று நான் கேட்டேன்.

"அது கெடக்கட்டும் டீச்சர். ஆறு வோல்ட்டு மோட்டாருக்குப் பன்னெண்டு குடுத்தா வேகமா சுத்தும். ரொம்ப நேரம் பிடிக்காம விட்டா ஒண்ணும் ஆகாது."

"ஒயர் எல்லாம் தாங்குமா? தீப்பிடிக்காதே?"

"கரண்டு கொறையத்தான செய்யும். நீங்களே கேக்கியளே."

கேட்கத்தான் செய்வேன். பதில் தெரிந்த கேள்வியைத்தான் நான் அதிகமாகக் கேட்பேன். பயம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

காரைப் பத்து நாள் கடையில் விட்டோம். அந்தப் பத்து நாளும் இவர் தினம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். எனக்கு மட்டும் கோபம் கோபமாக வந்தது. எதன் மேல் என்று தெரியாததால் கையில் கிடைத்த இவர் மேல் காட்டினேன். அதற்கு இவரும் வேண்டிய மட்டும் காரணம் கொடுத்தார். சாப்பிடும்போது இடது பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவார். நடு வீட்டில் நாற்காலியில் முட்டிக்கொள்வார். வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்வார். ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்ற என் மேலேயே மோதி, என் கையிலிருந்த குழம்புச் சட்டி கீழே விழுந்து உடைந்தது. "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று பின்னந்தலையைத் தட்டிக் காட்டிக் கேட்டேன். அந்த மாதத்தில் அந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. இவர் ஒவ்வொரு தடவையும் சிரித்தார். காரைப் பற்றிய நினைப்பில் நடக்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. புது பேட்டரி வந்துவிட்டது, சாயங்காலம் மாட்டப்போகிறோம் என்று கடையிலிருந்து போன் வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை பேத்தியைக் கூட்டி வரவேண்டிய முதல் நாள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பஸ் ஏறினேன். வழியில் ஆண்டாள் கோயிலில் இறங்கி, அர்ச்சனை செய்து, பிரசாதச் சந்தனமும் குங்குமமும் இலையில் வாங்கிக்கொண்டேன். கடைக்குப் போனபோது பேட்டரி பலகை மேல் இருந்தது. மேலே ஈயத்தில் இரண்டு முனைகள் பளபளவென்று இருந்தன. எலக்ட்ரீஷியன் டீ குடிக்கப் போயிருந்தார். இவர் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் புதிதாக எதை வாங்கினாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொட மாட்டோம். மில்லில் புது மெஷின் வந்தாலும் அப்படித்தான், கிரைண்டர் வந்தாலும் அப்படித்தான். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. பேட்டரியின் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு முனைகளும் இரண்டு தலைகளாகத் தெரிந்தன, பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் கண்ணில் படவில்லை. சந்தனத்தைக் குழைத்து இரண்டிலும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, பிள்ளையை நினைத்துக் கும்பிட்டேன். நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று வாய்விட்டே சொன்னேன். அரை மணி நேரத்தில் சந்தனம் காய்ந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து, அவசர அவசரமாக அதன் மேலேயே கிளாம்பை மாட்டி முறுக்கினார்.

இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்தார். மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. லைட்டைப் போட்டார். பழுத்த எலுமிச்சை நிறத்தில் இரண்டு விளக்கும் மினுங்கின. ஆறு வோல்ட்டிலேயே இதைவிட நன்றாக எரிந்த மாதிரி இருந்தது.

மணி ஆறாகியிருந்தது. இன்னும் இருபத்து நாலு மணி நேரம். எலக்ட்ரீஷியன் படுத்துக்கொண்டு அடியில் போனார், எர்த் ஒயரை மாற்றினார், ரிலேயைக் கழற்றி மாட்டினார், ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டினார். முக்கால் மணி நேரம் போனது. சட்டை முழுக்க வேர்வை. "பேட்டரியில பன்னெண்டரை காட்டுது. கிளாம்புல பாத்தா இல்ல. நடுவுல எவன் திங்கான்?" என்று மீட்டரைப் பார்த்து அவருக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். கிளாம்பைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இது எந்தக் கடைச் சந்தனம்?"

"கோயில் சந்தனம்" என்றேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது. ஈயத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில், காய்ந்து கட்டியான ஒரு பட்டை மின்தடையை என் கையாலேயே வைத்திருக்கிறேன். முப்பது வருட சர்வீஸ்.

இவர் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "பாடத்துல இருக்க ஓம் விதியைச் சந்தனத்துல போட்டுக் காட்டிட்டாங்கப்பா எங்க டீச்சர்" என்றார். எலக்ட்ரீஷியனும் சிரித்தார். நானும் சிரித்தேன். பயந்துகொண்டிருந்த விஷயம் இவ்வளவு சின்னதாக முடிந்தது என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, கிளாம்பை மாட்டினார். ஸ்டார்ட்டரை இழுத்ததும் எஞ்சின் ஒரே தடவையில் பிடித்தது. லைட்டைப் போட்டதும் எதிரே இருந்த அரிசி குடோனின் நீளமான காம்பவுண்டுச் சுவர் வெள்ளையாகிவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் சின்ன எழுத்துகூடப் படிக்க முடிந்தது.

"அடேயப்பா" என்றார் இவர். "இதுதான் லைட்டு. இத்தன வருசமா நான் சிம்னி வெளக்கு வச்சுல்லா ஓட்டியிருக்கேன்."

லைட் எவ்வளவு உயரத்தில் விழ வேண்டும் என்று சுவரில் குறி போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். என் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிச் சுவரோரம் போனேன். இடது பக்க வெளிச்ச வட்டத்துக்கு ஓரமாக நின்றேன். நீலப் புடவை கட்டியிருந்தேன். வெளிச்சம் என் மேலும் விழுந்து கண் கூசியது.

காருக்குள்ளிருந்து இவர் எலக்ட்ரீஷியனிடம் கேட்டார்.

"டீச்சர் எங்க? குறி போடணும்னியே, எங்க போயிட்டா?"

எலக்ட்ரீஷியன் கேலி என்று நினைத்துச் சிரித்தார். "அங்கதான நிக்காங்க அண்ணாச்சி."

"எங்க?"

நான் சாக்பீஸைத் தூக்கிக் காட்டினேன். இவர் நேராகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கேலி இல்லை. பிறகு தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். திருப்பித் திருப்பி, என்னிடம் வந்து நின்று, "ஓ, அங்கயா" என்றார்.

டம்ளர், நாற்காலி, வாசல் நிலை, குழம்புச் சட்டி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. ஆனாலும் ஒரு தடவை பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"ஏங்க, நடுவுல இருக்க போஸ்டரையே பாருங்க. தலையத் திருப்பக் கூடாது. நான் ஓரத்துல இருந்து நடந்து வாரேன். என்னைத் தெரிஞ்சதும் சொல்லுங்க."

"எதுக்குட்டி?"

"சொல்லுங்க."

சுவரோரமாகவே கொஞ்சம் விலகிப் போய், அங்கிருந்து திரும்பி நடந்தேன். ஓரடி, இரண்டடி. பன்னிரண்டு வோல்ட் வெளிச்சம் முழுக்க என் மேல் இருந்தது. எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றடி, நாலடி. இப்போது சொல்வார், இப்போது சொல்லிவிடுவார் என்று ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்து நடந்தேன். போஸ்டரில் கை படும் இடத்துக்கு வந்துவிட்டேன். சுவரில் என் நிழல் போஸ்டர் மேல் விழுந்தது.

"ஆங், தெரியுது" என்றார்.

எலக்ட்ரீஷியன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நான் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தாமல் கதவைத் திறந்து இறங்கி, காரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்தக் காரில் இவர் பின் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நான் ஓட்டி வந்து விட்டுட்டு, பொறவு பஸ்ல வாரேன்" என்றார் எலக்ட்ரீஷியன்.

நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கார் ஊர் எல்லையைத் தாண்டியது. ரோடு பகலாகத் தெரிந்தது. தென்னந்தோப்பு வந்தது. அந்த மண்பாதை வந்தது. அதைத் தாண்டிய பிறகு இவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"நீ மொதல்லயிருந்து அங்கதான் நின்னியா?"

"ஆமா."

"லைட்டுலதான?"

"ஆமாங்க."

"அப்போ அந்தப் பால்காரரும் திடீர்னு வந்திருக்க மாட்டாரு. அங்கதான் போயிட்டு இருந்திருப்பாரு" என்றார்.

நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் இரண்டு பேரும் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது என்றார். வலி இருக்காது, நேரே பார்ப்பது நன்றாகத் தெரிவதால் பலருக்குத் தெரியாமலே போய்விடும் என்றார். போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து, கண்ணு பொடதியிலயா இருக்கு என்று கேட்டதற்காக இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ கேட்டது சரியான கேள்விதான்" என்று சொல்லிவிட்டு, சொட்டு மருந்துக்கு முகத்தைத் தூக்கிக் காட்டினார்.

மத்தியானம் மகளிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நான் அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கூடத்தில் இவர் போன் போட்டுவிட்டார்.

"இன்னைக்கு நாங்க பஸ்லதான் வாரோம்மா. பாப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வையி, ஜன்னல் காத்து அடிக்கும்."

மகள் என்னவோ கேட்டாள். கார் லைட் இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டிருக்க வேண்டும். இவர் திறந்திருந்த வாசல் வழியாக, வெளியில் நின்ற காரை நேராகப் பார்த்தார்.

"லைட்டு நல்லாத்தான் இருக்கும்மா" என்றார்.